மூன்றாவது கேள்விக்குப் பதில்

அணியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் தட்டச்சு செய்து கொடுத்த ஒரு கடிதத்தால் ஏற்கெனவே ஒரு மனிதருக்கு வேலை போயிருக்கிறது. இன்னொன்று எழுதி என் தலையிலும் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வானேன்? டிவியில் கபடி பார்க்கிறவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். பார்க்காதவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் பெயர் குமரேசன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் கேட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயருக்குத்தான் ஜெராக்ஸ், பிழைப்பு மனு எழுதுவதில். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாள் என்றால் காலை ஏழு மணிக்கே பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று ஆட்கள் வந்து நிற்பார்கள். அவர்கள் சொல்வதை எல்லாம் எழுதமாட்டேன். அழுகையைக் கழித்துவிட்டு சர்வே நம்பரை எழுதுவேன். அதனால் எனக்குக் கல்மனசு என்று ஒரு பெயர் உண்டு. இருக்கட்டும்.

குடியிருப்பது ஆபீஸுக்குப் பின்னால் புது நகரில், அர்ஜுனன் மாஸ்டர் வீட்டு மாடியில். மாஸ்டர் முன்பு கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. வாத்தியார். தன் காலத்தில் மாவட்டத்துக்காகக் கபடி ஆடியவர், இடது கைச் சுண்டுவிரல் இன்னும் மடங்காது. ஏழு வருஷத்துக்கு முன்பு ஒரு லீக் அணியில் உதவிப் பயிற்சியாளராகக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று சீசனாகத் தலைமைப் பயிற்சியாளர். அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீடு எழும்பியது. ஒப்பந்தம் வருஷா வருஷம் புதுப்பிக்கிறது. அணி ஜெயித்தால் அடுத்த வருஷமும் வேலை, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். “எங்க வீட்டுக்காரர் வேலை இருவது வயசுப் பசங்க கை கால்லதான் இருக்குது” என்று அவர் மனைவி தமிழ்செல்வி சிரித்துக்கொண்டே சொல்லுவார். அந்தச் சிரிப்பு போன ஐப்பசியோடு நின்றது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கீழ் வீட்டு டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். தமிழ்செல்வி மடியில் முறத்தை வைத்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். விமல்ராஜ் ஏறிப் போனான். தண்டராம்பட்டுப் பக்கத்துப் பையன், பொங்கல் போட்டி ஒன்றில் மாஸ்டர் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனவன். அணி எடுக்கிற புள்ளியில் பாதி அவன் எடுப்பது. கடைசி நிமிஷத்தில் மூன்று பேர் சேர்ந்து அவனை அமுக்கினார்கள். கோட்டைத் தொட்டேன் என்றான் அவன், தொடவில்லை என்றார் நடுவர். வீடியோவைப் போட்டுப் பார்த்தும் தொடவில்லை என்றே வந்தது. ஆட்டம் முடிந்து எல்லோரும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது நேராக நடுவரிடம் போய் ஓங்கி ஓர் அறை விட்டான். அந்தச் சத்தம் மைக்கிலேயே கேட்டது.

அடித்தவனைக் கேமரா ஒரு தடவை காட்டியது. மாஸ்டர் முகத்தை நாலு தடவை காட்டியது. தமிழ்செல்வி கையில் இருந்த அவரைக்காயை முறத்தில் போட்டுவிட்டு, “முடிஞ்சுது. இனிமே இவரைத்தான் கேப்பாங்க” என்றார். அந்த அம்மாவுக்கு ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது, நடப்பு தெரியும்.

புதன்கிழமை மாஸ்டர் பையோடு வந்து இறங்கினார். விசாரணை முடிகிற வரைக்கும் ஓய்வில் இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம். டீக்கடையில் ஒருவர், பையனை அடித்து வளர்க்காததால் வந்த வினை என்றார். இன்னொருவர், வாத்தியார் அடித்து வளர்த்ததால்தான் அவனும் அடிக்கிறான் என்றார். எப்படிப் பார்த்தாலும் தப்பு மாஸ்டர் மேலே. விமல்ராஜைப் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும் சின்னப் பையன், ரத்தம் சூடு என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்லி முடித்தார்கள். மாஸ்டர் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். காலையில் பால் பாக்கெட்டை நான் வாங்கி வந்து கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய் சாயந்தரம், லீக் கேட்கச் சொன்னதாக அணி நிர்வாகத்திடமிருந்து மெயில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். பின்னாலேயே தமிழ்செல்வி ஒரு கிண்ணத்தில் வேகவைத்த மல்லாட்டை கொண்டு வந்தார். ஊர்ப்பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். மூன்று கேள்விகள். முதலாவது, அடித்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள். இரண்டாவது, ஆட்டக்காரர்களுக்கு ஒழுக்கம் பற்றி என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள். இது இரண்டுக்கும் பதில் கைவசம் இருந்தது. மூன்றாவது, இதற்கு முன்பு அந்த ஆட்டக்காரர் யாரையாவது அடித்தது உங்களுக்குத் தெரியுமா, தெரிந்தும் சொல்லாமல் விட்டீர்களா. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்று போட்டிருந்தது.

மாஸ்டர் உரித்துக்கொண்டிருந்த மல்லாட்டையைக் கிண்ணத்திலேயே போட்டார்.

“இல்லைன்னு போட்டுடலாமா?” என்றேன்.

தமிழ்செல்வி மாஸ்டர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“யாரை அடிச்சான்?”

“அது போன வருஷம்.”

“வருஷத்தைக் கேக்கல. யாரை?”

“முருகையனை” என்றார் மாஸ்டர்.

முருகையன் தமிழ்செல்வியின் தம்பி. அணியில் ஆட்டக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிடுகிற வேலை. மாஸ்டர்தான் சேர்த்துவிட்டார். நாலு வருஷம் இருந்துவிட்டு, ஊர் ஊராக அலைவது ஒத்துவரவில்லை என்று போன வருஷம் வந்து நிலத்தைப் பார்க்க ஆரம்பித்தார். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தது.

நடந்ததை மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போன சீசனில் ஒரு நாள் காலை, ஓட்டல் அறையில் விமல்ராஜுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. முருகையன் கட்டைவிரலை வைத்து அழுத்தியிருக்கிறார். வலி தாங்காமல் கையை எடுடா என்று சொல்லிக் கன்னத்தில் அறைந்துவிட்டான். ஐந்தாறு பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முருகையன் அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நிர்வாகத்துக்குச் சொன்னால் அவனை உட்கார வைத்துவிடுவார்கள். நாலு ஆட்டம் பாக்கி இருந்தது. அவன் இல்லாமல் தோற்றால் மாஸ்டர் ஒப்பந்தம் போய்விடும். அடி வாங்கியவர் வெளி ஆளாக இருந்திருந்தால் புகார் போயிருக்கும். மச்சான்தானே என்று அடக்கிவிட்டார்.

சும்மா விடவும் மனசில்லை. சீசன் முடிந்ததும் இரண்டு பேரையும் இங்கே கூட்டி வந்து கிரிவலப் பாதையில் மலை சுற்ற வைத்தார். விடியற்காலையில் வெறுங்காலோடு கிளம்பி, பதினாலு கிலோமீட்டர், அவர் முன்னால், அவர்கள் இரண்டு பேரும் பின்னால். ஒவ்வொரு லிங்கத்துக்கும் முன்னால் இருவரையும் சேர்ந்து நின்று கும்பிடச் சொன்னார். கடைசியில் ஒரே மேசையில் உட்கார வைத்து இட்லி வாங்கிக் கொடுத்தார். சரியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த ஊரில் குடிகாரனிலிருந்து பாகப்பிரிவினைக்காரன் வரைக்கும் எல்லோரையும் மலை சுற்றத்தான் சொல்வார்கள். மூன்று பௌர்ணமி சுற்றிப் பார்த்துவிட்டு, பலிக்கவில்லை என்றுதான் பாதிப் பேர் என்னிடம் மனுவுக்கு வருகிறார்கள்.

“ஒரு வருஷம்” என்றார் தமிழ்செல்வி. “என் தம்பி அடி வாங்கினதை மனசுல வெச்சிக்கிட்டு என் கையால சோறு தின்னுருக்கீங்க.”

இறங்கிப் போய்விட்டார். அன்று ராத்திரி கீழே தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மறுநாளும் சமைத்தார், போட்டார், பேசவில்லை.

புதன்கிழமை அணி மேலாளர் போன் செய்தார். மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டார். மேலாளர் நயமாகத்தான் பேசினார். மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று ஒரு வார்த்தை போடுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அடுத்த வருஷமும் நீங்கள்தான் என்றார். ஒன்றுதான் இடிக்கிறதாம். உடம்பு பிடிக்கிற ஆள் ஒருவரை அவன் அடித்ததாக யாரோ லீக்குக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அந்த ஆளிடமே ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பினால் நல்லது என்றார்.

“அவங்களுக்கும் முன்னமே தெரியும் போல” என்றேன், போனை வைத்த பிறகு.

“தெரியாமயா இருக்கும்? அன்னிக்கு ஜெயிச்சோம். அதனால கேக்கல.”

வாக்குமூலத்தை நான்தான் அடித்தேன். ஆறு வரி. பாவபுண்ணியம் பார்க்கிற தொழில் இல்லை என்னுடையது.

வியாழக்கிழமை காலை முருகையனைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினோம். தமிழ்செல்வியும் வந்தார். பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார். இறங்கி வரப்பு வழியாகக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். இரண்டு நாளாக மழை விட்டிருந்தது. நிலத்தில் அறுவடை அவசரம் தெரிந்தது. மல்லாட்டைக்கு ஈரம் கொஞ்சம் இருந்தால்தான் செடியோடு காய் கையில் வரும், ஜாஸ்தியானால் காம்பு அழுகிக் காய் மண்ணுக்குள்ளேயே நின்று முளைத்துவிடும். முருகையன் குனிந்து பிடுங்கி, உதறி, வேர் மேலே தெரிகிறமாதிரி வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டு போனார். அந்தண்டை வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர் மனைவி பொன்னியும் அங்கே இருந்தாள். எங்களை வாங்க என்று கூப்பிட்டு ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். புருஷனுக்கு உரியதைக் கையில் கொடுக்காமல் வரப்பில் வைத்துவிட்டுப் போனாள். தமிழ்செல்வி அவளோடு போய் உட்கார்ந்து காய் ஆய ஆரம்பித்தார்.

நாங்கள் மூன்று பேரும் மோட்டார் கொட்டகைப் பக்கம் போனோம். மாஸ்டர் காய் எப்படி என்று கேட்டார். செடிக்கு இருபது இருபத்தைந்து இருக்கிறது, மழை இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் தப்பித்தோம் என்றார் முருகையன். விதை எங்கே வாங்கினாய் என்றார் மாஸ்டர். அதற்கும் பதில் வந்தது. கூலி ஆள் கிடைக்கிறதா என்றார். இப்படியே போனால் பொழுது போய்விடும் என்று நானே விஷயத்தைச் சொன்னேன். முருகையன் கையில் ஒட்டியிருந்த மண்ணை உதிர்த்துக்கொண்டே கேட்டார். அதற்குள் தமிழ்செல்வி வந்துவிட்டார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“போடுறா” என்றார் தம்பியிடம். “அக்கா கேக்கறேன். இந்த வேலையும் போச்சுன்னா இந்த வயசுல இவரை எவன் கூப்புடுவான்? வீட்டை வெச்சிக்கினு இன்னா பண்றது?”

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

முருகையன் படித்துக்கூடப் பார்க்கவில்லை. என் ஃபைல் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். காகித ஓரத்தில் அவர் கட்டைவிரல் மண் ஒட்டிக்கொண்டது. வந்த காரியம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மாஸ்டர் அவர் தோளில் கை வைத்தார்.

“மாமா, ஒண்ணு கேக்கட்டா?” என்றார் முருகையன்.

“கேளு மச்சான்.”

“அவன் அடிச்சது எனக்கு அப்பவே ஆறிப்போச்சு. சின்னப் பையன், வலி, கைய ஓங்கிட்டான். உடம்பு புடிக்கிறவனுக்கு இதெல்லாம் வர்றதுதான். அப்பறம் மலை சுத்த வெச்சீங்களே. அடிச்சவனுக்கும் பதினாலு கிலோமீட்டரு, அடி வாங்கினவனுக்கும் பதினாலு கிலோமீட்டரா? நான் இன்னா தப்பு பண்ணேன்னு நடந்தேன்?”

“ரெண்டு பேரும் சேந்து நடந்தா மனசு சேந்துடும்னு நெனச்சேன்.”

“அவன் காதுல பாட்டை மாட்டிக்கினு வந்தான் மாமா. பாதி வழியில எனக்குக் காலு கொப்புளிச்சுது. நீங்க முன்னாடி போயிக்கினே இருந்தீங்க. திரும்பிப் பாக்கல.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து பிடுங்க ஆரம்பித்தார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தார்கள். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். நான் இரண்டு உருண்டை சாப்பிட்டேன், பொய் சொல்வானேன், நன்றாக இருந்தது. மாஸ்டர் ஒரு உருண்டையைக் கிள்ளிக் கிள்ளி வைத்துக்கொண்டே இருந்தார், கடைசிவரைக்கும் முடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாஸ்டர் கடைக்கு வந்தார். நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். முறை வந்ததும் நான் கம்ப்யூட்டரில் முதல் இரண்டு பதிலை அடித்து முடித்தேன்.

“மூணாவதுக்கு இல்லைதானே?”

“தெரியும்னு போடு.”

நான் திரும்பிப் பார்த்தேன். “மாஸ்டர், டைப் அடிக்கிற காசு எனக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனா இதைப் போட்டா வேலை போயிடும்.”

“போயிடும். போடு.”

அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். முருகையனுடன் ஏற்பட்ட தகராறில் என்று ஆரம்பித்திருந்தேன், மனுவில் அப்படித்தான் எழுதிப் பழக்கம். டைப் செய்ததைத் தமிழில் சொல்லிக் காட்டியதும், தகராறே நடக்கவில்லையே, எடுத்துவிடு என்றார். இருவருக்கும் இடையே என்று மாற்றினேன். இருவருக்கும் இடையே ஒன்றுமில்லை, அவன் அடித்தான், இவன் வாங்கினான், அதை அப்படியே போடு என்றார். நாலு தடவை மாற்றிய பிறகு அந்தப் பகுதி மூன்று வாக்கியமாக நின்றது. ‘எங்கள் அணியில் உடம்பு பிடித்துவிடும் வேலையில் இருந்த முருகையனை விமல்ராஜ் கன்னத்தில் அறைந்தார். முருகையன் மேல் ஒரு தவறும் இல்லை. என் வேலைக்குப் பயந்து நான் அதை மறைத்துவிட்டேன்.’

நாலே முக்காலுக்கு அனுப்பினேன். முருகையன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை என்ன செய்வது என்று கேட்டேன். உன் இஷ்டம் என்றார். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் கணக்குப் போடுகிற காகிதக் கட்டோடு சேர்த்துவிட்டேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, ஒப்பந்தம் ரத்து. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. விமல்ராஜுக்கு ஆறு ஆட்டம் தடை, ஓர் அபராதம். வடக்கேயிருந்து புதுப் பயிற்சியாளர் வந்தார். ஏழாவது ஆட்டத்தில் விமல்ராஜ் இறங்கிப் பதினாலு புள்ளி எடுத்தான். டிவிக்காரர்கள் அவனைத் திரும்பி வந்த சிங்கம் என்றார்கள்.

தமிழ்செல்வி நான் அங்கே இருக்கும்போதே மாஸ்டரிடம் கேட்டார். “இதையே போன வருஷம் எழுதியிருந்தீங்கன்னா வேலையும் போயிருக்காது, என் தம்பியும் அதை விட்டு வந்திருக்க மாட்டான். இப்ப எழுதி இன்னா ஆச்சு?” மாஸ்டர் பழைய பள்ளிக்கூடத்தில் போய் வேலை கேட்டார். அந்த இடத்தில் வேறு ஆள் இருக்கிறார், அடுத்த ஜூனில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

கார்த்திகை பிறந்து ஒரு திங்கட்கிழமை. தீப வேலைகளால் ஆபீஸ் முழுக்கக் கூட்டம், வெளியே விடாத தூறல். மத்தியானம் மூன்று மணிக்கு முருகையன் கடைக்கு வந்தார். மழை பொறுக்கவில்லை, கால் பங்குக் காய் மண்ணிலேயே போய்விட்டது என்றார். அதற்காக மனு எழுத வந்திருக்கிறார் என்று நினைத்துக் காகிதத்தை எடுத்தேன்.

“அது இல்ல சார். மாமா உண்மைய எழுதி அனுப்பிட்டாருன்னு அக்கா சொல்லிச்சு. அந்த லெட்டர் உங்ககிட்ட கீதா?”

இருந்தது. திரையில் எடுத்தேன்.

“அதுல என் பேரு வர்ற எடத்தைத் தமிழ்ல சொல்லுங்க.”

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, அதைத் தமிழிலேயே அடித்துத் தர முடியுமா, எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்றார். இது எந்த ஆபீஸில் கொடுப்பதற்கு என்று கேட்டேன்.

“ஆபீஸுக்கு இல்ல சார். பொன்னிக்கு.”

பொன்னிக்கு எதற்கு என்றேன்.

“டீம்ல இருந்த பையன் ஒருத்தன் எங்க ஊருக்குக் கல்யாணத்துக்கு வந்தான். நான் அடி வாங்கினது, மலை சுத்தினது, எல்லாத்தையும் பந்தியில உக்காந்து பொன்னிகிட்ட சொல்லிட்டான். அக்கா காதுக்குப் போகாம நான் பாத்துக்கினேன். நான் ஒண்ணும் பண்ணலன்னு அவகிட்ட எவ்ளோவோ சொன்னேன். தப்பு பண்ணாதவனை எதுக்கு மலை சுத்த வெப்பாங்கன்னு கேட்டா. அதுவும் சொந்த அக்கா புருஷனே சுத்த வெச்சிருக்காரே, நீ ஏதோ பண்ணியிருக்கேன்னா. ஒரு வருஷமாச்சு சார். சோறு போடுவா. பேச்சு கம்மி.”

மூன்று வாக்கியத்தையும் தமிழில் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். மாமா கையெழுத்து இல்லாமல் அவள் நம்பமாட்டாள் என்றார். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவரோடு நடந்தேன். மலை சுற்றிய நாளுக்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்கு வந்ததில்லை.

மாஸ்டர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதற்கு என்று முருகையன் சொல்லிமுடிக்கிற வரைக்கும் கேட்டார். பொன்னி கேட்ட கேள்வியைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார். சமையலறை வாசலில் தமிழ்செல்வி நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் பேனா கேட்டார். கொடுத்தேன். கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே, மடங்காத சுண்டுவிரலால் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். ‘அவரை மலை சுற்ற வைத்தது என் தப்பு. அர்ஜுனன்.’

முருகையன் அதையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். மடித்துச் சட்டைக்குள் மழை படாமல் வைத்துக்கொண்டார்.

“இருடா, சாப்ட்டுப் போ” என்றார் தமிழ்செல்வி.

“இல்லக்கா. நாலரை பஸ்ஸைப் புடிச்சாத்தான் வெளிச்சம் இருக்கறப்பவே அவ படிக்க முடியும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.